என் முகத்துக்கு நானே வெள்ளையடித்தது

குற்றாலத்து அருவியில் வெள்ளம் வந்தால் முதலில் தெரிவது எனக்குத்தான். வராவிட்டாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க்கடை வைத்திருக்கிறேன். குளிக்க வருகிறவர்கள் என்னிடம் நல்லெண்ணெய் வாங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, வெயில் பட்ட குத்துவிளக்கு மாதிரி மினுமினுத்துக்கொண்டு நடப்பார்கள். தண்ணீரின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கல்லாப்பெட்டியை இடுக்கிக்கொண்டு நான் மேட்டில் ஏறி நிற்பேன். விசாரித்தால் பக்கத்துக் கடையில் சுக்குக்காப்பி கொதித்திருக்கும். இப்படியே ஓடி ஓடி ஐம்பது வயதை எட்டிவிட்டேன். என் உயிரை எடுக்க வருகிறவனுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

என் மகன் இதற்கு நேர் எதிர். எதற்கும் அசையமாட்டான். அவன் அம்மாவைக் கொண்டு பிறந்தவன். நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், பிறகு அதைக் கரித்துண்டால் ஏதாவது ஒரு சுவரில் போட்டுவிடுவதும்தான் அவன் வேலை. பள்ளிக்கூடத்துச் சுவர், மாட்டுக்கொட்டில் சுவர், என் கடையின் பின்பக்கச் சுவர் என்று அவன் என்னை வரையாத இடமில்லை. எங்கே போட்டாலும் வாயைத் திறந்தபடிதான் நான் இருப்பேன்.

ஒரு சாரல் காலத்தில், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குப் போனேன். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து நிற்கிறேன், யாரோ 'ஐயோ, போச்சு போச்சு' என்று கத்தினார்கள். எனக்கு அது போதாதா? வேட்டி எங்கே, துண்டு எங்கே என்று பார்க்கவில்லை. கண்ணைத் திறக்காமலே ஓடி, கைக்குக் கிடைத்த முதல் ஆளை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அங்கே காவலுக்கு நின்ற ஏட்டையா அவர். சிவப்புத் தலைப்பாகை, இஸ்திரி போட்ட உடுப்பு, மேலெல்லாம் என் நல்லெண்ணெய். வெள்ளமுமில்லை, ஒன்றுமில்லை. யாரோ ஒரு அம்மாளின் முறுக்குப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். என் வேட்டி மட்டும் தண்ணீரோடு கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த ஏட்டையா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், என்னைப் பார்த்தவுடன் இரண்டடி தள்ளி நிற்கும் பழக்கத்திலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை.

மகன் பட்டாளத்தில் சேர்ந்தான். எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை, தெருவுக்கு இரண்டு பேர் போய்க்கொண்டிருந்த காலம். பயிற்சி முடிந்து, கப்பலேறுவதற்கு முன்னால் ஆடி மாதம் விடுமுறையில் வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடமான பட்டாசலில், தெருக்கதவைத் திறந்ததும் நேரே கண்ணில் படுகிற மேற்குச் சுவரில், அடுப்புக்கரியை எடுத்து அந்த அருவிக் காட்சியை ஆள் உயரத்துக்குப் போட்டுவிட்டான்.

நான் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், சுவர் முழுக்க அருவி கொட்டுகிறது. நடுவில் நான். இடது கை ஏட்டையாவின் கழுத்தில், வலது கை, எந்த இடத்தை மறைக்க வேண்டுமோ அந்த இடத்தை முறத்தளவுக்கு விரிந்த உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. வாய் திறந்திருந்த திறப்புக்கு அதில் ஒரு படி அரிசியைக் கொட்டலாம். என் வேட்டி ஒரு கொக்கு மாதிரி தண்ணீரோடு பறந்து போகிறது. மேலே ஒரு பாறையில் அந்தக் குரங்கு, முறுக்கைத் தின்றபடி, என்னைப் பார்த்துக் கவலைப்படுகிறது. மனிதனைப் பார்த்துக் குரங்கு கவலைப்படுகிறதைக் கரித்துண்டால் எப்படிப் போட்டானோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"ஏலே, உனக்கு வேற சுவரே கெடைக்கலியா? வாசல்ல நின்னு பாத்தாலே தெரியுதுலே!" என்றேன்.

"தெரியட்டும்னுதாம்ப்பா போட்டேன்" என்றான்.

அவன் அம்மா சுவரைக் கெடுத்துவிட்டான் என்று ஒரு பாட்டம் திட்டினாள். திட்டிவிட்டு, படத்தில் என் வாயைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடியவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வடிகஞ்சியோடு வந்தாள். கரி உதிராமலிருக்க அதை மேலே பூச வேண்டும் என்று மகன் கேட்டிருந்தானாம். இரண்டு பேரும் சேர்ந்து பூசினார்கள். எனக்கு எதிராகக் கூட்டுச்சதி என் வீட்டிலேயே நடந்தது.

சீசனுக்கு எங்கள் முன்பக்க அறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுவதுண்டு. அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பிறகு மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். ஏட்டையா ஒரு நாள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"மீசையைக் கொறைச்சிட்டாம்வே உம்ம மவன்" என்றார்.

"தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கத்தான போறேன் அண்ணாச்சி, அத்தனையும் போயிரும்" என்றேன்.

மகன் சிரித்தான். "அதுக்குள்ள வேற ஏதாவது செய்வீய. வந்து புதுசாப் போடுதேன்."

தென்காசி ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றப் போனபோது அதையும் செய்தேன். அவனுடைய படுக்கைச் சுருளைப் பெட்டிக்குள் வைக்க ஏறியவன், விசில் ஊதியதும் பதறி, இறங்குவதற்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்துவிட்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான், நான் பட்டாளத்துக்குப் போகவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. அவன் என்னைத் தூக்கி இறக்கிவிட்டான். கதவில் நின்றபடி கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். என் வாய் அது. அவனை நான் கடைசியாகப் பார்த்தது அந்த வட்டத்தோடுதான்.

மலாய் நாட்டிலிருந்து இரண்டொரு கடிதம் வந்தது. கார்த்திகைக் கடைசியில் ஜப்பான்காரன் அங்கே இறங்கிவிட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. ஏட்டையா வீட்டுக்குப் பத்திரிகை வரும். அவர் படித்துவிட்டு மடித்து வைப்பதைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். எத்தனை மடிப்பாக மடிக்கிறார் என்பதை வைத்தே அன்றைய செய்தி எனக்குத் தெரிந்துவிடும்.

தை நெருங்கியது. சுண்ணாம்பு நீற்றியாயிற்று. வெள்ளையடிக்கிறவர் நார்மட்டையும் வாளியுமாக வந்து மற்ற சுவரையெல்லாம் அடித்துவிட்டு மேற்குச் சுவருக்கு வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். நின்றேன் என்றால், அந்தப் படத்தில் எப்படி நிற்கிறேனோ ஏறக்குறைய அப்படியே.

"இந்தச் சுவரு வேண்டாம்யா. நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றேன்.

"நாளைக்கு வேற வீடு இருக்குல்லா, மொதலாளி."

"நாளன்னைக்கு வாங்க."

வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுதிய?" என்றாள்.

"அவன் போட்ட படம்டி. எப்படி அழிக்கது?"

"பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீட்டுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? சாவு விழுந்த வருஷத்தில் பொங்கலுமில்லை, வெள்ளையுமில்லை. தெருவோடு போகிறவன் சுவரைப் பார்த்தே, இது துட்டி வீடு என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு போவான். எங்கள் ஊரில் யாரும் பலகையில் எழுதி மாட்ட வேண்டியதில்லை. சுவரே சொல்லிவிடும்.

"எம் புள்ளை உசுரோட இருக்கான்" என்றாள் அவள். "சுவரு வெள்ளையாத்தான் இருக்கணும்."

அவள் சொன்னது சரி. படத்தை அழிக்க எனக்குக் கை வராததும் சரி. அவனிடமிருந்து கையில் மிஞ்சியிருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான், அதை வெள்ளையடித்தால் அவன் மிச்சமில்லை. வெள்ளையடிக்காவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னது மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். பதற்றக்காரனை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? தென்காசிக்கு ஓடினேன்.

என் மூளைக்கு எட்டிய வழி இதுதான்: படத்தைச் சுற்றி ஒரு மரச்சட்டம் அடித்துவிட்டு, சட்டத்துக்கு வெளியே வெள்ளையடித்துவிடுவது. சுவரும் வெள்ளை, படமும் பத்திரம். தென்காசியில் ஒரு ஆசாரியிடம் ஆள் உயரச் சட்டம் ஒன்றைச் செய்யச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கினேன். குதிரைவண்டிக்காரன் அதைப் பார்த்துவிட்டு ஏற்றமாட்டேன் என்றான். வேறு வழியில்லை. சட்டத்துக்குள் நுழைந்து, தோளில் மாட்டிக்கொண்டு, குற்றாலத்துக்கு நடந்தேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏட்டி, படம் ஒண்ணு நடந்து போகுது பாரு!" என்றாள் ஒருத்தி.

"மாலை போடாம போறாரே, யாத்தா, ஒரு மாலையாவது கட்டிக் குடுங்கட்டி!" என்றாள் இன்னொருத்தி.

நானும் சிரித்துக்கொண்டு கும்பிட்டேன். அவள் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. சட்டத்துக்குள் பார்க்கும்போது அருவிக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். மனைவி வந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இந்த வீட்டுச் சுவத்துல சட்டம் போட்டுத் தொங்குதது யாரு யாருன்னு சொல்லுங்க பாப்பம்."

நான் சட்டத்தைக் கீழே இறக்கினேன்.

"உங்க அப்பா. எங்க அம்மா. அம்மன் கொண்டுபோன உங்க தங்கச்சி. அந்த வரிசையிலயா எம் புள்ளை படத்தை வைக்கப் போறிய?"

"படத்துல இருக்கது நான்லாட்டி. செத்தா நாந்தான சாகணும்."

வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சட்டத்தைப் பிடுங்கிக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில்தான் சுரண்டையிலிருந்து என் பெரியப்பா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பஸ்ஸில் வந்து இறங்கினாள். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தாள், கூட இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். தெருக்கதவு திறந்திருந்தது. முதலில் அவர்கள் கண்ணில் பட்டது மேற்குச் சுவர்: ஊரெல்லாம் வெள்ளையடித்திருக்க, இங்கே கரியேறிக் கிடக்கிறது. அடுத்தது கதவோரத்தில் ஆள் உயரப் படச்சட்டம், இன்னும் படம் ஏறாமல். மகன் சண்டை நடக்கிற சீமையில். அவளுக்கு வேறென்ன தோன்றும்? கொண்டுவந்த கரும்பைத் தெருவிலேயே போட்டாள், கொண்டையை அவிழ்த்தாள், மாரில் அறைந்துகொண்டு ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள். கூட வந்த இரண்டு பேரும் அதே சுருதியில் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பட்டாசலில் ஒப்பாரி. சுரண்டையிலிருந்து அவ்வளவு தூரம் வந்து அக்கா அழுகிறாள் என்றால், அவளுக்குத் தந்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வராமல் அவளுக்கு எப்படித் தந்தி வரும் என்று யோசிக்கிற ஆளா நான்? வாயில் இருந்த சாம்பலோடு ஓடி வந்து அவள் காலடியில் விழுந்தேன்.

"போயிட்டானாக்கா? எம் மவன் போயிட்டானா?" என்று கதறினேன்.

"போயிட்டானா தம்பி! நம்ம ராசா போயிட்டானா!" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

நான் கேட்டது கேள்வி. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டதும் கேள்விதான், அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்து அவள் அழ, அவளைப் பார்த்து நான் அழ, என் குரல் கேட்டு ஏட்டையா மேல்துண்டு இல்லாமல் ஓடி வந்து வாசலில் நின்று அழ, தெருவே கூடிவிட்டது.

மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் அகப்பை. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யாரு செத்தா?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன்.

"மைனி, உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலியே. சுவரு... சட்டம்..." என்று அக்கா இழுத்தாள்.

"நீங்க எதுக்கு அழுதிய?" என்று என்னைக் கேட்டாள்.

"அக்கா அழுதா..." என்றேன்.

அகப்பையைக் கீழே வைத்தாள். "வாளியை எடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளையடிக்கிறவருக்குக் காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியில் மட்டையைத் தோய்த்து அவளே அடித்தாள். முதலில் குரங்கு. பிறகு பாறை. பிறகு மேலிருந்து கீழாக அருவி, தண்ணீர் விழுகிற திசையிலேயே. பிறகு கொக்கு மாதிரிப் பறந்த வேட்டி. ஏட்டையாவின் மீசைக்கு வந்தபோது, கதவோரம் நின்ற அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, என் முகம் மட்டும் மிச்சமிருக்கும்போது நிறுத்தினாள். மட்டையை என் கையில் கொடுத்தாள்.

"உங்க மூஞ்சியை நீங்களே அடிங்க. எனக்கு முடியல."

அடித்தேன். திறந்திருந்த வாயில் முதலில் அடித்தேன்.

பச்சைச் சுண்ணாம்பு அடித்த உடனே வெளுக்காது. ஈரமாக இருக்கிற வரைக்கும் அது கண்ணாடி மாதிரி, பின்னால் இருக்கிறதெல்லாம் தெரியும். எனவே அந்தப் படம் உடனே போகவில்லை. அக்காவும் அந்தப் பெண்களும் கூந்தலை முடிந்துகொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஒரு பக்கம். சுவர் காயக் காய, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவன் போட்டதெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சுவர் நல்ல வெள்ளையாக ஆனது. தெருவோடு போனவர்கள் பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு வீடு ரெடி போலருக்கு" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனார்கள்.

மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. பிறகு பட்டாளத்திலிருந்து ஒரு தாள் வந்தது, ஆள் காணவில்லை என்று. "காணலைன்னா இருக்கான்னுதான அர்த்தம்?" என்றாள் மனைவி. நான் தலையாட்டினேன்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. எங்கள் வீட்டுக்கு மேற்கே தடுப்பு ஒன்றுமில்லை, மலையிலிருந்து காற்று சாரலை வாரிக்கொண்டு வந்து அந்தச் சுவரின் முதுகிலேயே அடிக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன், தெருக்கதவைத் தள்ளிவிட்டு அப்படியே நின்றேன். சுவரிலிருந்து நான் என்னைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தேன்.

பேய் என்று நினைத்து ஓடினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போகிறீர்கள், ஆகவே ஒளிக்காமலே சொல்லிவிடுகிறேன்: ஓடினேன். ஏட்டையா வீட்டு வாசல் வரைக்கும் ஓடினேன். அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். சுவர் ஓதம் குடித்து நனைந்திருந்தது. நனைந்த சுண்ணாம்புக்குள்ளிருந்து அருவி, பாறை, குரங்கு, ஏட்டையா, நான், எல்லோரும் மங்கலாக, மூடுபனிக்குள் நிற்கிறவர்கள் மாதிரி வந்திருந்தோம்.

"ஏட்டி! ஓடியா! ஓடியா!" என்று கத்தினேன்.

அவள் வழக்கம்போல அவசரப்படாமல் வந்தாள். பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரிக்கிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தையில் அவள் வெள்ளையடிப்பாள், என் முகத்தை நான் அடிப்பேன். சாரல் விழுந்தால் படம் வெளியே வரும். "அண்ணாச்சி, படம் வந்தாச்சா?" என்று தெருவில் கேட்பார்கள். சீசனுக்கு வந்து தங்குகிறவர்களை அவளே கூட்டிவந்து சுவர் முன்னால் நிறுத்துவாள். "இவுகதான் அது" என்று என்னைக் காட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனவன். இப்போதோ, எவனாவது சிரிக்காமல் போனால் இழுத்து வைத்து விளக்கம் சொன்னேன்.

"யாரு வரைஞ்சது?" என்பார்கள்.

"எங்க பையன். பட்டாளத்துல இருக்கான்" என்பாள் அவள். அந்த 'இருக்கான்' மேல் அவள் குரல் ஊன்றி நிற்கும்.

ஆனால் ஒவ்வொரு தையிலும் ஒரு பூச்சு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாரலிலும் படம் கொஞ்சம் தாமதமாக வந்தது, கொஞ்சம் மங்கலாக வந்தது. முதலில் குரங்கின் கவலை போயிற்று. பிறகு ஏட்டையாவின் மீசை. "இந்த வருஷம் ஒரு தடவை விட்டுப்பிடிப்பமா?" என்று நான் கேட்டபோது, அவள் வாளியைக் காட்டினாள்.

சண்டை முடிந்தது. கைதியாக இருந்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்றார்கள். கார்த்திகை மாதம் ஒரு முற்பகல், கடையில் எண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். எதிரே ரோட்டில் ஒரு பையன் நின்று என்னையே பார்த்தான். உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. சட்டை பட்டாளத்துச் சட்டை. பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று சிரித்துவிட்டான்.

"நீங்கதானா? போலீஸ்காரரைக் கட்டிப்பிடிச்சது நீங்கதானா?"

அந்தக் கதை முன்பின் தெரியாத ஒருவனுக்கு எப்படித் தெரியும்? என் மகன் சொன்னாலொழியத் தெரியாது. "எங்கன இருக்கான்? கூட வந்துட்டானா?" என்றேன். "அண்ணாச்சி, இருங்க..." என்று அவன் ஆரம்பித்தான். அதற்கு மேல் கேட்கிற ஆளா நான்? எண்ணெய் டின் கவிழ்ந்ததையும் பார்க்காமல் கடைப்பலகையைத் தாண்டிக் குதித்து ஓடினேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினேன்: "வந்துட்டான்! எம் மவன் வந்துட்டான்!"

வாழ்நாளெல்லாம் வராத வெள்ளத்தைச் சொல்லிக் கத்தினவன், அன்றைக்கு ஒரே ஒரு நல்ல சேதியைக் கத்தினேன். அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தெருவின் கடைசி வரைக்கும் பார்த்தபடி நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பையன் மட்டும் வந்து சேர்ந்தான்.

"நான் சொல்லுததை முழுசாக் கேக்காம ஓடியாந்துட்டியளே" என்றான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான்.

அவள் புரிந்துகொண்டாள். எனக்குத்தான் நேரமாயிற்று. என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அந்தப் பையனைப் பட்டாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். முகாமில் காய்ச்சல் என்றும், மருந்து இல்லை என்றும் அவன் சொன்னான். காய்ச்சல் ஆட்களைப் போட்டிருந்த பலகைக் கொட்டகைச் சுவரில், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் மகன் ஒரு படம் போட்டானாம். அருவி, குரங்கு, ஏட்டையா, நான். "படுத்துக் கெடக்க அத்தனை பேரும் பாத்துச் சிரிப்போம். உங்க வாயைப் பாத்துத்தாம்மா நாங்க தேறுனோம்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது, அவளைப் பார்த்துச் சொன்னான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் படத்தை அழிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. நாங்க கிளம்புத அன்னைக்கும் அங்கனதான் இருந்துச்சு."

அவளுக்குப் பின்னால் எங்கள் சுவர், காய்ந்து, வெள்ளையாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

தை வந்தது. அந்த வருஷம் எங்களை யாரும் வெள்ளையடிக்கச் சொல்லவில்லை. அடிக்கக் கூடாது. வெள்ளையடிக்கிறவர் வாளியோடு எங்கள் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஏட்டையா கரும்பு கொண்டுவரவில்லை, வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். எந்தச் சுவரை விட்டுவிடச் சொல்லி நான் மன்றாடினேனோ, அந்தச் சுவரை அந்த வருஷம் யாரும் தொடவில்லை. தொட்டு அழிக்க அதில் ஒன்றுமில்லை.

பங்குனி வெயில். அருவியில் தண்ணீர் நூலாகத் தொங்குகிற காலம், கடையில் ஆளில்லை. மத்தியானம் சீக்கிரம் வந்துவிட்டேன். தெருக்கதவு சாத்தியிருந்தது. திறந்தால், அவள் செம்பில் தண்ணீரோடு மேற்குச் சுவர் முன்னால் நிற்கிறாள். கையால் அள்ளி அள்ளிச் சுவரில் அடிக்கிறாள். தரையெல்லாம் தண்ணீர். நனைந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. என் வாய்.

"இத்தனை பூச்சு பூசிட்டேனே" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "இம்புட்டுத்தான் வருது. அதுவும் வெயில்ல உடனே காஞ்சிருது."

இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். துண்டை உதறிப் போட்டுவிட்டுப் போய், சுவரில் அந்த வாய்க்குப் பக்கத்தில் நின்றேன். தூணை ஏட்டையாவாக நினைத்து இடது கையால் கட்டிக்கொண்டேன். வலது கையை வைக்க வேண்டிய இடத்தில் விரித்து வைத்தேன். வாயைத் திறந்தேன்.

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"தலையை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாச்சிருப்பீய" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "வாயை இன்னும் பெருசா. ம். இப்படித்தான் போட்டிருந்தான்."

இரண்டடி பின்னால் போய், தரையில் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று என் நிலையிலிருந்து தெரியவில்லை. சுவர் காய்ந்துகொண்டே வந்தது. காய்ந்து முழுக்க வெளுத்துப்போன பிறகும், அவள் எழுந்திருக்காததால், நான் வாயை மூடவில்லை.